வியாழன் பின்னேரத்து விரிப்பு



"பெட்சீட்ட எத்தன நாளைக்கு ஒருக்கா மாத்துவீங்க?"

சில வருடங்களுக்கு முன்னர், ஒரு மார்கழி மாதத்தில் டொக்டர் என்னிடம் கேட்ட கேள்வி இது. என் மடியில் இளைய மகள். மூன்று நாளாக முட்டு. இரவில் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துகொள்வாள், மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் மாதிரிச் சத்தம் கேட்கும். என்ன சாப்பிடக் கொடுத்தீர்கள், குளிர்ந்த தண்ணீர் குடித்தாளா என்று கேட்பார் என நினைத்துப் போயிருந்தேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

எங்கள் வீடு சுத்தமான வீடுதான். வாசலை நாளுக்கு இரண்டு தரம் கூட்டுகிறோம். குசினித் தரையைக் கழுவாமல் இரவு படுப்பதில்லை. ஆனால் பிள்ளை படுக்கும் விரிப்பைக் கடைசியாக எப்போது மாற்றினேன் என்று யோசித்தால் நாள் நினைவுக்கு வரவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது, கழுவினால் காயாது, வெயில் வரட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தேன். அதற்கு மேலாக, குளிருகிறதே என்று அவளுடைய மாமா சவூதியிலிருந்து அனுப்பிய தடித்த கம்பளியை அலுமாரியிலிருந்து எடுத்துப் போர்த்தியிருந்தேன். அந்தக் கம்பளி எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தண்ணீரைக் கண்டதில்லை.

டொக்டர் ஏசவில்லை. மருந்தை எழுதித் தந்துவிட்டு, "கிழமைக்கு ஒருக்கா மாத்துங்க. கம்பளிய எடுத்துப் போடுங்க. தலகாணிய வெயில் காட்டுங்க" என்றார். அந்த மூன்று வாக்கியமும் மருந்துச் சீட்டில் இல்லை. ஆனால் மகளுக்கு அந்த மாரி முடியும்வரை எது உதவியது என்று கேட்டால் டொக்டர் எழுதிய பம்ப்போடு சேர்த்து அந்த மூன்றையும்தான் சொல்வேன்.

இந்த மாத ஆசிரியர் பக்கத்தை அதனால்தான் ஒரு பெட்சீட்டுக்கு ஒதுக்குகிறேன்.

கட்டிலிலும் மெத்தையிலும் நம்மோடு சேர்ந்து குடியிருக்கும் ஒரு சின்ன உயிர் உண்டு, தூசுப் பூச்சி. நீளம் ஒரு மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்கு, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அது கடிக்காது, இரத்தம் குடிக்காது. நம் உடம்பிலிருந்து நாளாந்தம் உதிரும் தோல் துகள்தான் அதன் சாப்பாடு. வீட்டுத் தூசுக்கும் ஆஸ்துமாவுக்கும் தொடர்பிருப்பது வெகுகாலமாகத் தெரிந்திருந்தாலும், அந்தத் தூசுக்குள் இருக்கும் இந்தப் பூச்சிதான் காரணம் என்று நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் காட்டியது 1960களில்தான். பூச்சியைவிட அதன் எச்சம் பொல்லாதது. காய்ந்து பொடியாகி, நாம் புரண்டு படுக்கும்போதெல்லாம் மேலெழும்பி மூக்குக்குள் போகிறது. பிள்ளை ஒரு நாளில் எட்டு, ஒன்பது மணித்தியாலம் அந்த விரிப்பில் முகம் வைத்துத்தான் மூச்சு விடுகிறது.

இந்தப் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உடம்பால் உறிஞ்சித்தான் உயிர் வாழ்கிறது. காற்றின் ஈரப்பதன் 50 வீதத்துக்குக் கீழே போய் நின்றால் வற்றிச் செத்துவிடும். நம்முடைய கரையில் அதற்கு அந்தக் கவலையே இல்லை. மாரி மாதங்களில் ஈரப்பதன் 80 வீதத்தைத் தாண்டி நிற்கும். மருதமுனை தொடங்கிப் பொத்துவில் வரைக்கும் கடலைப் பார்த்த வீடுகளில் குடியிருக்கும் நாம், குளிர்நாட்டுக்காரர் எழுதிவைத்த கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே இரண்டு கிழமை போகலாம். இங்கே பகலில் வியர்வை, இரவில் வியர்வை, காலில் கடற்கரை மணல், தலையில் தேங்காய் எண்ணெய். கிழமைக்கு ஒரு தரம் என்பது நமக்குக் குறைந்தபட்சம்.

எந்த நாள் என்பதற்கும் நம்மிடம் பதில் இருக்கிறது. என் மூத்தம்மா வீட்டில் வியாழன் பின்னேரம் அஸர் தொழுத கையோடு பழைய விரிப்பு இறங்கும், கழுவி மடித்தது ஏறும். மஃரிபு வந்துவிட்டால் வெள்ளி இரவு தொடங்கிவிடுகிறதல்லவா. வெள்ளிக்கிழமைக்குக் குளித்து, நல்ல உடுப்பு உடுத்து, மணம் பூசுகிற மாதிரி கட்டிலுக்கும் அன்றைக்குப் புது உடுப்பு. மூத்தம்மாவுக்குத் தூசுப் பூச்சியைத் தெரியாது. ஆனால் ஒரு கிழமைகூட அந்த வியாழன் தவறியதில்லை. நாள் குறித்து வைத்த வேலை நடக்கும், "நேரம் கிடைக்கும்போது" என்று வைத்தது நடக்காது. இதை நான் என் வீட்டில் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்த டொக்டரைப் பார்த்துவிட்டு வந்த கிழமையிலிருந்து எங்கள் வீட்டிலும் வியாழன் திரும்ப வந்துவிட்டது.

தலையணை உறையை ஞாயிற்றுக்கிழமையும் ஒரு தரம் மாற்றுகிறோம். எண்ணெய் வைக்கும் தலை, முகப்பரு வரும் வயசுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அது அவசியம். யாரும் படுக்காத விருந்தினர் கட்டிலுக்கு மாதத்துக்கு ஒரு தரம் போதும். காய்ச்சல்காரர் படுத்து எழும்பிய விரிப்பை நாள் கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே கழுவ வேண்டும்.

பிள்ளை இரவில் சிறுநீர் கழித்துவிட்டால் அதற்கு நம் பெண்களிடம் தனியான ஒரு ஒழுங்கு இருக்கிறது. பெட்சீட்டை அப்படியே மெஷினுக்குள் போட மாட்டார்கள். முதலில் வளவுக் குழாயடிக்குக் கொண்டுபோய், நனைந்த இடத்தை விரித்துப் பிடித்து, மேலிருந்து தண்ணீர் ஊற்றி ஓடவிட்டு, பிழிந்து, மறுபடி ஊற்றுவார்கள். குறைந்த தண்ணீருக்குள் நஜீஸ் விழுந்தால் அந்தத் தண்ணீர் முழுதும் நஜீஸாகிவிடும் என்பது நாம் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் சட்டம். மெஷின் தொட்டித் தண்ணீரும் குறைந்த தண்ணீர்தான். சட்டத்துக்காகச் செய்கிற இந்த வேலை சுகாதாரத்துக்கும் சரியாகப் பொருந்துகிறது, ஒருவரின் அழுக்கு மற்றவரின் உடுப்பில் ஏறுவதில்லை. புது மருமகள்மாருக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

கழுவும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் இருக்கும் மெஷின்களில் பெரும்பாலானவை குளிர்ந்த தண்ணீரில்தான் ஓடும். குளிர்ந்த தண்ணீரும் சவர்க்காரமும் பூச்சியின் எச்சத்தைப் பெரும்பாலும் கரைத்துக்கொண்டு போய்விடும். பூச்சி சாக வேண்டுமென்றால் 55 பாகைக்கு மேற்பட்ட சூடு வேண்டும். முட்டு வருத்தக்காரர் உள்ள வீட்டில் இதைச் செய்து பாருங்கள். கொதித்த தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் சரிபாதி கலந்தால் 60 பாகைக்குச் சற்று மேலே நிற்கும். துணி உள்ளே போனதும் சூடு இறங்கும், ஆகவே கொதிநீரை இன்னும் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். பேசனில் விரிப்பை அமுக்கி இருபது நிமிடம் மூடிவைத்து, பிறகு வழமைபோல் கழுவுங்கள். சின்னப் பிள்ளைகள் பேசனுக்குக் கிட்ட வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது முக்கியம்.

அடுத்தது வெயில். இதில் நாம் கொடுத்துவைத்தவர்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கொடியில் போட்ட பெட்சீட் அரை மணித்தியாலத்தில் அப்பளம் மாதிரி முறுகிவிடும். மெத்தையையும் தலையணையையும் வெளியே எடுத்து, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் காயவிட்டால் சூடும் வறட்சியும் சேர்ந்து பூச்சியை முடித்துவிடும். தும்பு மெத்தையும் இலவம்பஞ்சுத் தலையணையும் கழுவ முடியாத சாமான்கள், அவற்றுக்கு வெயில்தான் ஒரே மருந்து. நுளம்பு வலையை மட்டும் வெயிலில் போடாதீர்கள். மருந்தூட்டிய வலை என்றால் மெல்லிய சவர்க்காரத்தில் அலசி நிழலில் காயவிட வேண்டும், அது ஏறத்தாழ 20 கழுவலுக்குத்தான் பலன் தரும். அதைக் கிழமைக்குக் கிழமை கழுவத் தேவையில்லை.

சுபஹுக்கு எழும்பியவுடன் கட்டிலை மடிப்புக் கலையாமல் சரிசெய்து போர்வையால் மூடிவிடுவதைப் பெரிய ஒழுங்காக நினைக்கிறோம். இரவு முழுவதும் உடம்பிலிருந்து போன ஈரம் அதற்குள்ளேயே அடைபட்டுவிடுகிறது. ஃபேனைப் போட்டு, ஜன்னலைத் திறந்து, ஒரு மணித்தியாலம் விரிப்பைத் திறந்து விடுங்கள். தாதியர் தொழிலுக்கு வழிகாட்டிய புளோரன்ஸ் நைற்றிங்கேல் 1859இல் வெளியிட்ட தன் நூலில் படுக்கைக்கென்றே ஓர் அத்தியாயம் எழுதினார். நோயாளியின் உடம்பிலிருந்து போகும் ஈரம் படுக்கையில் ஊறி, திரும்ப அவருக்கே கெடுதல் செய்கிறது என்பதுதான் அதில் அவருடைய பெரிய கவலை. அதற்கும் பல நூற்றாண்டுக்கு முன்னர், படுக்கப் போகுமுன் விரிப்பை உதறிவிட்டுப் படுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். நாம் இல்லாத நேரத்தில் அதில் என்ன வந்து சேர்ந்ததோ தெரியாது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். உதறுவதற்குப் பத்து விநாடி போதும்.

ஒரு விரிப்பு எத்தனை வேலை செய்யும் என்பதை நான் கண்ணால் கண்டது 2004 டிசம்பர் 26இல். அன்று காலையில் சுனாமியாகக் கடல் வந்து போனபோது இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம்தான், 10,000க்கும் மேல். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் அலை எட்டாத வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் அலுமாரியைத் திறந்து பெட்சீட்டுகளை அள்ளிக் கொடுத்தார்கள். மையித்துகளைச் சுமந்து வந்தது அவற்றில்தான். உடுப்பிழந்து வந்த பெண்கள் உடம்பைப் போர்த்திக்கொண்டதும் அவற்றில்தான். அன்றைக்குக் கொடுத்ததை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

பிறகு முகாம் வாழ்க்கை. நாங்கள் தங்கியிருந்த பாடசாலையில் ஒரு வகுப்பறைக்கு ஐந்து குடும்பம். நிவாரணப் பொதியில் ஒரு பாய், இரண்டு விரிப்பு. கழுவிப் போட மாற்று விரிப்பு இல்லை, கழுவத் தண்ணீரும் இல்லை, கிணறெல்லாம் உப்பு. இரண்டாவது மாதத்தில் பிள்ளைகளின் விரலிடுக்கில் சிரங்கு தொடங்கியது. இரவானால் வகுப்பறை முழுதும் சொறியும் சத்தம் கேட்கும்.

அந்தச் சிரங்கு இன்றும் நம் ஊர்களை விட்டுப் போகவில்லை. விடுதியில் தங்கி ஓதும் பிள்ளைகள் லீவுக்கு வீட்டுக்கு வரும்போது கொண்டுவருவதைப் பல தாய்மார் எமக்கு எழுதியிருக்கிறார்கள். வெட்கப்பட்டு மறைக்கிறோம். உலக சுகாதார நிறுவனமே 2017இல் இதைக் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இது அழுக்கானவருக்கு வரும் நோய் என்பதும் பிழை. தோலோடு தோல் சேர்ந்து படுக்கும் எவருக்கும் வரும்.

மருந்து பூசியும் திரும்பத் திரும்ப வருகிறது என்று சொல்கிறவர்கள் இரண்டு விடயத்தைத் தவறவிடுகிறார்கள். ஒன்று, அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும். மற்றது, அதே நாளில் விரிப்பு, தலையணை உறை, சாரன், துவாய் எல்லாவற்றையும் சூடான தண்ணீரில் கழுவி வெயிலில் போட வேண்டும். கழுவ முடியாத தலையணையைப் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி மூன்று நாளாவது வையுங்கள், ஒரு கிழமை வைத்தால் இன்னும் நல்லது. மனித உடம்பை விட்டுப் பிரிந்த சிரங்குப் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. டொக்டர் இரண்டாம் முறை பூசச் சொன்ன நாளில் கழுவலையும் இரண்டாம் முறை செய்ய வேண்டும். உங்கள் பிரதேச மிட்வைஃபிடம் கேட்டால் அவர் இன்னும் விளக்கமாகச் சொல்வார், அவர் அதை யாரிடமும் போய்ச் சொல்ல மாட்டார்.

எந்தத் துணி வாங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். கல்முனை பஸாரில் பூப்போட்ட, வழுவழுப்பான பெட்சீட்டுகள் மலிவு விலையில் குவிந்து கிடக்கின்றன. பார்க்க வடிவாகத்தான் இருக்கும். பெரும்பாலும் பொலியெஸ்டர். உலர்ந்த பருத்தி 100 கிராம், காற்றிலிருந்தே ஏறக்குறைய 8 கிராம் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பொலியெஸ்டர் அரைக் கிராமைக்கூட எட்டாது. மின்சாரம் நின்ற ஒரு இரவு போதும், வித்தியாசம் முதுகுக்குத் தெரியும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்தபோது நாங்கள் பூப்போட்டதையெல்லாம் உள்ளே வைத்துவிட்டு, உம்மாவின் பெட்டியிலிருந்து பழைய மருதமுனை விரிப்புகளை எடுத்துப் போட்டோம்.

நெசவுக்குப் பேர்போன மருதமுனை நமக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. சாரனும் சாரியும் பெட்சீட்டும் நெய்த அந்த ஊரின் தறிகள் பலவற்றைச் சுனாமி கொண்டுபோனது. மீண்டவற்றை இறக்குமதித் துணியின் மலிவு அமுக்குகிறது. இருந்தும் இன்னும் சில வீடுகளில் தறிச் சத்தம் கேட்கிறது. போன மாதம் அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். நீலமும் வெள்ளையும் கோடு ஓடிய விரிப்பு ஒன்றை வாங்கியபோது நெசவு செய்யும் காக்கா கையால் தடவிக் காட்டினார். "இது இப்ப முறுக்காத்தான் இருக்கும். பாவுக்குக் கஞ்சி போட்டிரிக்கி. மொதல்ல தனியாக் கழுவிட்டு விரிங்க. ரெண்டு மூணு கழுவல் போனாத்தான் துணி உங்கட கைக்கு வரும்" என்றார். அது உண்மைதான். புதுத் துணி எதுவானாலும் கஞ்சியும் மிச்சச் சாயமும் போகக் கழுவாமல் அதில் பிள்ளையைப் படுக்கவைக்காதீர்கள்.

உம்மாவின் பழைய விரிப்புகளுக்கு நடுவில் ஒரு தையல் ஓடும், இரண்டு அகலத்தைச் சேர்த்துத் தைத்தவை. வருடக்கணக்கில் படுத்து நடுப்பகுதி மெலிந்துபோனால் உம்மா அந்தத் தையலைப் பிரித்து, தேயாத ஓரங்கள் இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவந்து திரும்பத் தைத்துவிடுவார். அப்படி இன்னும் நாலைந்து வருடம் ஓடும். அதன் பிறகு தொட்டில் சீலை, அதன் பிறகு பிள்ளைத் துணி, கடைசியில் தரை துடைக்க. ஒரு கட்டிலுக்கு மூன்று விரிப்பு இருந்தால் போதும் என்பது அவருடைய கணக்கு. ஒன்று கட்டிலில், ஒன்று கழுவலில், ஒன்று அலுமாரியில். மாரிக்கு ஒன்று கூட. பத்துப் பதினைந்து வாங்கி அடுக்கி வைப்பதைவிட நல்ல நாலு விரிப்பு மேல்.

இந்த வேலையை யார் செய்வது என்றும் கொஞ்சம் கதைக்க வேண்டியிருக்கிறது. நம் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பதால் உம்மா, லாத்தா, தங்கச்சி என்று கைகள் கிட்டவே இருக்கின்றன. அந்தச் சௌகரியத்தில், வீட்டு ஆண்களுக்கு மெத்தைக்கு எந்தப் பக்கம் தலை என்றுகூடத் தெரியாமல் போய்விட்டது. நனைந்த பெரிய பெட்சீட்டைத் தனியாளாகப் பிழிவது இடுப்பை முறிக்கிற வேலை. வயசான உம்மாமார் இதைச் செய்துவிட்டு இரவு முழுக்க இடுப்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பதை நாம் பார்க்கிறோம். ரசூலுல்லாஹ் தம் வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளில் கைகொடுப்பவர்களாக இருந்தார்கள் என்பதை ஜும்ஆவில் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம். பன்னிரண்டு வயது மகனால் தன் கட்டில் விரிப்பைத் தானே மாற்ற முடியும். பிழிவதற்கு ஒரு முனையை வாப்பா பிடிக்கலாம்.

எங்கள் வீட்டில் இப்போது காய்ந்த விரிப்பை மடிப்பது நானும் இளையவளும். அவள் இரண்டு மூலையைப் பிடிப்பாள், நான் இரண்டு மூலை. இழுத்து ஒரு உதறு, பிறகு என்னை நோக்கி நடந்து வந்து தன் மூலைகளை என் கையில் தருவாள். தரும்போது ஒவ்வொரு தரமும் துணியில் முகத்தை வைத்து மணந்து பார்க்கிறாள். வெயில் மணக்கிறதாம். அவளுக்குக் கடைசியாக முட்டு வந்து இரண்டு மாரி கடந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது கச்சான் ஓய்ந்துகொண்டிருக்கும். ஒக்டோபர் கடைசியில் மழை இறங்கிவிட்டால் தை மாதம் வரைக்கும் கொடியில் போட்டது கொடியிலேயே கிடக்கும். ஆகவே இந்த வியாழனுக்குக் காத்திருக்காமல் நாளைக் காலையிலேயே கம்பளியைக் கழுவிப் போடுங்கள், மெத்தையை இரண்டு பேர் பிடித்து வளவுக்கு எடுங்கள், தலையணைகளை வெயில் பார்க்க வையுங்கள். நல்ல வெயில் இனி இரண்டு மூன்று கிழமைதான் இருக்கிறது.

வஸ்ஸலாம்.
அன்புடன்,
ஆசிரியர்